ஆலிஸ் பாட்டியோடு ஒரு நடை: வீடியோ கேமில் ‘பேசிங்’ என்றால் என்ன?

தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நம் வாயில் தானாக வருகிற விமர்சனங்கள் சில உண்டு. “செகண்ட் ஹாஃப் ஒரே இழுவை.” “இன்டர்வெல் வந்ததே தெரியல.” “கிளைமாக்ஸை அவசர அவசரமா முடிச்சிட்டாங்க.” இந்த மூன்றும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அதற்குப் பெயர் பேசிங். ஒரு கதையின் நடை, அது எங்கே நிதானிக்கிறது, எங்கே ஓடுகிறது, எங்கே மூச்சு வாங்கிக்கொள்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது அது.

சினிமாவில் இதைப் புரிந்துகொள்வது எளிது. எடிட்டர் கையில் கத்தரி இருக்கிறது. ஒரு காட்சி மூன்று நிமிடம் ஓட வேண்டும் என்று அவர் முடிவு செய்தால், நீங்களும் நானும் பக்கத்து சீட்டுக்காரரும் அதை மூன்று நிமிடம்தான் பார்ப்போம். வீடியோ கேமில் அந்தக் கத்தரி யாரிடமும் இல்லை. ஆடுபவர் ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் சும்மா நிற்கலாம். முக்கியமான ஒருவர் வீட்டு வாசலில் காத்திருக்க, அதை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகலாம். கேமை உருவாக்குபவரால் வெட்ட முடியாது. அடுக்கி வைக்கத்தான் முடியும். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் கைக்கு என்ன வேலை கொடுக்க வேண்டும் என்ற அடுக்குதான் கேமின் பேசிங்.

இதில் பல ஜானர்களை, அதாவது கேம் வகைகளை, கலக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு ஜானருக்கும் இயல்பாகவே ஒரு வேகம் இருக்கிறது. விவசாய கேமுக்கு முடிவே கிடையாது. விதை, தண்ணீர், அறுவடை, மறுபடி விதை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தாவிக் குதித்து ஏறும் பிளாட்ஃபார்மர் நொடிக்கணக்கில் நடப்பது. கதைக்கோ ஒரு முடிவு கட்டாயம் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டால் ஒன்று மற்றதன் காலை மிதிக்கும். பெரிய பெரிய கேம்களில்கூட இதைப் பார்த்திருப்பீர்கள். ‘உலகம் நாளைக்கு அழியப்போகிறது, உடனே வா’ என்று கதை கூப்பிடும். நாயகன் நிதானமாகக் காளான் பறித்துக்கொண்டிருப்பான். கதை சொல்லும் அவசரத்தை நம் கை நம்பவில்லை என்றால் அங்கே பேசிங் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சிக்கலை நான் பார்த்த வரையில் மிக அழகாகக் கையாண்ட இண்டி கேம் (பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்கள் செய்வது) ஒன்று இருக்கிறது. ஸ்பிரிட்ஃபேரர். கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் இருக்கும் தண்டர் லோட்டஸ் என்ற ஸ்டூடியோ 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டது. அதற்கு முன் அவர்கள் செய்த ஜோட்டுன், சண்டர்ட் இரண்டும் சண்டை கேம்கள். இதில் சண்டையே இல்லை. சாவைப் பற்றிய கேம் இது. ஆனாலும் மனதுக்கு இதமான கேம். கையால் வரைந்த படங்கள், கண்ணை உறுத்தாத வண்ணங்கள், மேக்ஸ் எல்எல் என்பவரின் இசை. ஆடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே நீங்கள் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பீர்கள். (கட்டிப்பிடிப்பதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஒவ்வொருவரும் அணைத்துக்கொள்ளும் விதம் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது.)

கதை சுருக்கமானது. கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்களை ஆற்றுக்கு அக்கரையில் சேர்க்கும் படகோட்டி காரோன். அவர் ஓய்வு பெறுகிறார். அந்த வேலை ஸ்டெல்லா என்ற பெண்ணிடமும் டாஃபடில் என்ற அவளுடைய பூனையிடமும் வருகிறது. கடலில் ஆங்காங்கே தீவுகள். அங்கே காத்திருக்கும் ஆன்மாக்களைப் படகில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும், பிடித்ததைச் சமைத்துப் போட வேண்டும், மனக்குறைகளைக் கேட்க வேண்டும். அவர்களாகவே “போதும், கிளம்பலாம்” என்று சொல்லும் நாளில் எவர்டோர் என்னும் கடைசி வாசலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த ஆன்மாக்கள் எல்லாம் விலங்கு உருவில் இருப்பார்கள். க்வென் ஒரு மான், அட்டுல் ஒரு தவளை, சம்மர் ஒரு பாம்பு, ஆலிஸ் பாட்டி ஒரு முள்ளெலி.

இனி கதை தெரிந்துவிடக்கூடாது என்று நினைப்பவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, ஆடி முடித்த பிறகு வாருங்கள். பேசிங்கை விளக்க ஆலிஸின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் படகைப் பார்ப்போம். வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்தால் படகு தானாகவே அங்கே போகும். நீங்கள் சுக்கான் பிடிக்க வேண்டியதில்லை. சில பயணங்களுக்குப் பல நிமிடங்கள் ஆகும். இருட்டிவிட்டால் படகு நின்றுவிடும், விடிந்த பிறகுதான் நகரும். காகிதத்தில் எழுதினால் இது மோசமான யோசனை. ஆடுபவரைக் காக்க வைப்பதா? மற்ற கேம்களில் இந்த நேரத்தை லோடிங் திரைபோல வெட்டி எறிந்திருப்பார்கள். இங்கேயோ அந்தப் பயண நேரம்தான் கேமே. அந்த நேரத்துக்குள்தான் வாழ்க்கை நடக்கிறது.

எப்படி என்றால், படகில் ஒரே நேரத்தில் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன. முதலாவது நொடிக் கடிகாரம். மரக்கட்டையை அறுக்கும்போது ரம்பம் கோட்டை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தறியில் சரியான கணத்தில் பொத்தானை விட வேண்டும். உலையில் உலோகம் உருக்கும்போது துருத்தியின் மேல் குதித்துக் குதித்துச் சூட்டை ஏற்ற வேண்டும், ஏறிவிட்டால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் கையால் செய்கிற சின்ன வேலை, சட்டென்று முடிந்துவிடும். இரண்டாவது சமையலறைக் கடிகாரம். அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வெளியே போகலாம், வெந்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது தோட்டத்தின் கடிகாரம். விதைத்தது முளைத்து வர நாளாகும். அவசரமென்றால் ஸ்டெல்லா கிட்டார் வாசித்துச் செடியைச் சீக்கிரம் வளர்க்கலாம். நான்காவது மனிதர்களின் கடிகாரம். ஒருவர் மனம் திறப்பதற்குப் பல நாள்கள் ஆகும். அதை மட்டும் நீங்கள் எதை வாசித்தாலும் விரைவுபடுத்த முடியாது.

இந்த நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுவதால் வெறுமனே காத்திருக்கும் நேரம் என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. நம் வீட்டுக் காலைப்பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் துணியை ஊறப்போடுவது, துணி ஊறுவதற்குள் காய் நறுக்குவது. யாராவது வந்து “என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று கேட்டால் “காத்திருந்தேன்” என்று சொல்ல மாட்டோம். ஸ்பிரிட்ஃபேரரின் பகல்பொழுது அப்படிப்பட்டது. படகு போய்ச் சேரும் மணி அடிக்கும்போது, “அதற்குள்ளாகவா?” என்று தோன்றும்.

ஜானர்கள் ஒன்றுக்கொன்று கை கொடுப்பதற்கும் இங்கே நல்ல உதாரணம் இருக்கிறது. கட்டடங்களைப் படகின் மேல் கட்டங்களில் அடுக்குவது நிர்வாக கேமின் வேலை. இடம் போதாததால் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் வைப்போம். அப்படி அடுக்கியதும் ஏணிகளும் கூரைகளுமாக அதுவே தாவி ஏறுவதற்கான களமாகிவிடுகிறது. இடி மின்னலோடு மழை வரும்போது மின்னலைப் பாட்டிலில் பிடிக்க மேலும் கீழும் ஓடுகிறீர்களே, அந்த ஓட்டத்தின் பாதையை வடிவமைத்தது நீங்கள்தான். ஒரு ஜானரில் செய்த வேலை அடுத்த ஜானரில் பலன் தருகிறது. நிதானமும் பரபரப்பும் ஒரே படகில் இயல்பாகக் குடியிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ஆலிஸ் பாட்டிக்கு வருவோம்.

வந்த புதிதில் அவர் சுறுசுறுப்பானவர். ஆடுகளைப் பார்த்துக்கொள்வார், புது இடங்களுக்குப் போக ஆசைப்படுவார். நீங்களும் மற்ற ஆன்மாக்களைப் போலவே அவரையும் நடத்துவீர்கள். ஓடிப்போய் ஒரு தட்டு சாப்பாடு, ஓர் அணைப்பு, அடுத்த வேலை. கொஞ்ச நாள் கழித்து ஏணி ஏற முடியவில்லை என்கிறார். வீட்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கேட்கிறார். கட்டட அடுக்கைக் கலைத்து, மற்ற வீடுகளை நகர்த்தி, இடம் செய்து கொடுக்கிறீர்கள். இதுவும் இன்னொரு வேலை, அவ்வளவுதான் என்று தோன்றும்.

அப்புறம் அவர் தனியாக நடப்பதை நிறுத்திவிடுகிறார். படகின் முன்பக்கம் வரை கூட்டிப்போகச் சொல்கிறார். நீங்கள் துணைக்கு நடக்க வேண்டும், அவர் வேகத்தில்.

இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இதுவரை ஸ்டெல்லா ஓடுவாள், தாவுவாள், காற்றில் மிதப்பாள். இந்நேரம் உங்கள் விரல்கள் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டே தறியிலிருந்து தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். இப்போது அதே படகு, அதே பலகைத் தளம், ஆனால் ஓர் அடிக்கு மேல் எடுத்து வைக்க முடியவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது. தோட்டத்தில் தக்காளி பழுத்துவிட்டது. நொடிக் கடிகாரமும் சமையலறைக் கடிகாரமும் உங்களைக் கூப்பிடுகின்றன. பாட்டியை முன்பக்கம் கொண்டுபோய் விட்டு நிமிர்ந்தால், சற்று நேரத்தில் திரும்பவும் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். மறுநாளும் அதேதான். வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குளியலறை வரைக்கும் பத்தடிதான், அந்தப் பத்தடிக்குள் எத்தனை வேலைகள் மனதில் வரிசையில் நிற்கும்!

எனக்கு முதல் நாள் பொறுமையே இல்லை. இரண்டாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவரிடம் போனேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். கேம் என்னிடம் ‘இவரிடம் அன்பாக இரு’ என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. என் நாளின் வேகத்தை மட்டும் மாற்றி வைத்தது. அந்த நடையில் ஒரு நாள் அவர் ஸ்டெல்லாவை ஆனி என்று கூப்பிடத் தொடங்குகிறார். ஆனி அவருடைய மகள். அந்தப் பெயரைக் கேட்டபோது நான் அவர் வேகத்தில் நடந்துகொண்டிருந்ததால்தான் அது என்னை அப்படித் தாக்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வரி ஒரு வசனப் பெட்டிக்குள் வந்து போயிருந்தால் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு எவர்டோர். அங்கே தண்ணீரும் மரங்களும் எல்லாம் சிவப்பு. நடுவில் வளைந்த கல் பாலம், அதன் நிழல் தண்ணீரில் விழுந்து ஒரு வட்டமாகத் தெரியும். சின்னப் படகில் ஸ்டெல்லாவும் போகப்போகிறவரும் மட்டும். இந்தப் பயணத்தில் அறுக்க மரமில்லை, அடுப்பில் எதுவுமில்லை. நான்கு கடிகாரங்களும் நின்றுவிட்டன. கேமின் மற்ற எல்லாப் பகுதிகளிலும் உங்கள் கையை ஓயாமல் வேலையில் வைத்திருந்தது இந்தச் சில நிமிட மௌனத்துக்காகத்தான். தாளம் நின்றால்தான் மௌனம் காதில் விழும். கச்சேரி கேட்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கடைசியாக ஓர் அணைப்பு. அவர் ஒளியாகி, வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டமாகிவிடுகிறார்.

திரும்பி வந்தால் அவருடைய வீடு படகிலேயே இருக்கிறது. உள்ளே பூ பூத்திருக்கும். இந்தப் பூவைப் பற்றி நான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பேசிங்கை மறைவாக நிர்வகிக்கும் கை இதுதான். கடலில் எல்லாப் பகுதிகளும் தொடக்கத்திலேயே திறந்திருக்காது. பனிக்கட்டியும் பாறையும் மூடுபனியும் வழியை மறிக்கும். அவற்றைத் தாண்ட, ஆல்பர்ட் என்ற சுறாவின் கப்பல் பட்டறையில் படகைப் பலப்படுத்த வேண்டும். அதற்குப் பணம் மட்டும் போதாது, இந்தப் பூக்களும் வேண்டும். அதாவது, யாரையாவது வழியனுப்பினால்தான் அடுத்த கடல் திறக்கும். ஆன்மாக்கள் படகில் ஏறும்போது தரும் ஓபோல் என்ற காசிலும் இதே தந்திரம்தான். அந்தக் காசைக் கொடுத்துத்தான் ஸ்டெல்லா உயரத் தாவவும் மிதக்கவும் கற்றுக்கொள்கிறாள். ஒருவர் வரும்போது உடலுக்கு ஒரு திறமை கிடைக்கிறது, போகும்போது உலகத்தில் ஒரு வழி கிடைக்கிறது. சாதாரண கேமில் இந்தப் பூட்டைத் திறக்க ‘லெவல் 10 வந்த பிறகு வா’ என்று எழுதியிருப்பார்கள். வேலை ஒன்றுதான். ஆனால் இங்கே அந்தப் பூட்டே கதையாக இருக்கிறது.

தவளை அட்டுலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எதைப் போட்டாலும் ரசித்துச் சாப்பிடுகிறவர், எல்லோருக்கும் மாமா மாதிரி. அவர் எவர்டோருக்குக் கூட்டிப்போகச் சொல்வதே இல்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், பூ மட்டும் இருக்கிறது. அதற்குள் நீங்கள் சில பேரை வழியனுப்பி, ‘முதலில் கதை, பிறகு எவர்டோர், பிறகு அணைப்பு’ என்ற ஒழுங்குக்குப் பழகியிருப்பீர்கள். ஒரு தாளத்தைப் பழக்கிவிட்டு ஓர் அடியை வேண்டுமென்றே விடுவது பேசிங்கில் மிகப் பெரிய ஆயுதம். ஒரே ஒரு முறைதான் அதைப் பயன்படுத்த முடியும். அவர்கள் சரியான ஆளிடம் பயன்படுத்தினார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கேமின் பிற்பகுதி இழுவைதான். புதிதாக வருபவர்கள் குறைய, கேட்கப்படும் பொருள்கள் கூடுகின்றன. ஒரு வகை உலோகத்துக்காக வரைபடத்தின் ஒரு மூலைக்கும் ஒரு வகை நூலுக்காக இன்னொரு மூலைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. இடையில் பேருந்து நிறுத்தங்கள் இருப்பதால் சட்டென்று தாவிச் செல்ல முடிகிறது, ஆனாலும் அது அலைச்சல்தான். துருத்தியின் மேல் நூறாவது முறை குதிக்கும்போது அது வேலையாகவே தெரியத் தொடங்குகிறது. இதைத்தான் கேமர்கள் கிரைண்ட் என்கிறார்கள். கை தெரிந்ததையே திரும்பச் செய்கிறது, மனதுக்குப் புதிதாக எதுவும் வருவதில்லை. முன்பு இதே வேலைகள் இனித்ததற்குக் காரணம் அவற்றை யாருக்காகச் செய்கிறோம் என்பது தெரிந்ததுதான். க்வெனுக்குக் காபி போட்ட அடுப்பு, சாப்பிட ஆளில்லாதபோது வெறும் அடுப்பாகிவிடுகிறது. ஆள்கள் குறைந்த படகின் வெறுமையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அது கதைக்குத் தேவை. ஆனால் அந்த வெறுமைக்குள் இன்னும் இருபது கட்டி உலோகம் உருக்கச் சொல்வது தேவையில்லாதது. 2021-இல் இலவசமாகச் சேர்த்த புதிய கதாபாத்திரங்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிரப்பின, அலைச்சலைக் குறைக்கவில்லை.

இந்த விஷயத்தை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள, படகை வைத்தே செய்யப்பட்ட வேறொரு இண்டி கேமைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட டிரெட்ஜ். மீன்பிடி கேமும் திகில் கேமும் கலந்தது. அதில் நேரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது. படகை நகர்த்தினாலோ மீன் பிடித்தாலோதான் கடிகாரம் நகரும். சும்மா நின்றால் சூரியனும் நின்றுவிடும். கேட்கும்போது சலுகை மாதிரி இருக்கிறது. ஆனால் ஆடிப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். இருட்டினால் கடலில் என்னென்னவோ வரும். மாலை நேரம், துறைமுகம் தூரத்தில், படகில் இன்னும் இரண்டு மீனுக்கு இடம் இருக்கிறது. பிடிக்கும் ஒவ்வொரு மீனுக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலையாகக் கொடுக்கிறீர்கள். ஸ்பிரிட்ஃபேரரில் நேரம் தண்ணீர் மாதிரி தாராளமாக ஓடுகிறது, டிரெட்ஜில் அது பணம் மாதிரி எண்ணி எண்ணிச் செலவாகிறது. இரண்டிலும் படகு மெதுவாகத்தான் போகிறது. ஒன்றில் அந்த மெதுவே நிம்மதி, மற்றதில் அதுவே பயம்.

ஸ்பிரிட்ஃபேரரை முதல் முறை ஆடப்போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரே மூச்சில் ஆடாதீர்கள். கேமுக்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆடிவிட்டு, ஸ்டெல்லா தூங்கும்போது நீங்களும் நிறுத்திவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரைப் பூனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆடலாம். ஒருவர் தறியில் இருக்க மற்றவர் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் பிற்பகுதியின் அலைச்சலும் பாதியாகும். எவர்டோருக்குப் போகத் தயாரானவர்களை உடனே கூட்டிப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நீங்களாகக் கூட்டிப்போகும் வரை அவர்கள் காத்திருப்பார்கள்.

ஆலிஸ் பாட்டியையும் நான் அப்படித்தான் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு கூட்டிப்போனேன். மறுநாள் விடிந்ததும் பழக்கத்தில் கீழ்த்தளத்துக்குத்தான் இறங்கினேன். அவர் வீட்டுக்குள் பூ இருந்தது. அங்கிருந்து படகின் முன்பக்கம் வரைக்கும் ஓடாமல் நடந்துபோய்விட்டு, அப்புறம்தான் தோட்டத்துக்குப் போனேன்.